அம்மா பேசியதன் முதல் பிரதி

ஒரு பிள்ளை ஐந்து மாதமாகத் தட்டித் தட்டிச் சேர்த்து வைத்திருந்த பதினொரு பக்கங்களை ஒரே பிற்பகலில் நான் அழித்தேன். அழிக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. திருத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். அதற்காக எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், வேறு பாடசாலைகளுக்கு அனுப்பி மற்ற ஆசிரியர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். அந்தப் பதினொரு பக்கமும் அவளுடைய அம்மா தொலைபேசியில் பேசிய பேச்சு. அதற்கு வேறு பிரதி கிடையாது.

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே தேயிலைக்கு நடுவில் இருக்கிற பாடசாலை அது. நான் அங்கே தமிழ் படிப்பித்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருடம் கழித்து, ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் எட்டுக் கணினிகள் வந்து இறங்கின. அதுவரை உடைந்த மேசைகள் போட்டு வைத்திருந்த அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார் அதிபர். திறப்பை அவரே வைத்துக்கொண்டார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கழுவிய கால் ஈரத்தோடு வந்தால் அதற்கும் ஏச்சு. வகுப்பறையில் ஓடு உடைந்து தலையில் ஒழுகுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கணினிகளுக்கு மட்டும் பூப்போட்ட கட்டில் விரிப்பால் போர்வை தைத்துப் போட்டோம். அப்படியும் முதல் மழைக்காலத்துப் பனியிலும் ஈரத்திலும் இரண்டு கணினிகள் கண்ணை மூடிவிட்டன.

அந்தத் திட்டம் கணினி படிப்பிக்க வந்ததல்ல, மொழிப் பாடத்துக்காக வந்தது. பிள்ளைகள் தாங்களே கணினியில் எழுதவேண்டும், எழுதியதைத் திரும்ப வாசித்துத் தாங்களே மாற்றவேண்டும், மாற்றி மாற்றி எழுதப் பழகவேண்டும். இதற்காக ஹட்டனில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மா பயிற்சி தந்தார். மெல்லிய குரல், ஆனால் சொன்னதையே மூன்று தரம் சொல்லுவார். பிள்ளை எழுதும் ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் இலக்கம் போட்டுச் சேமியுங்கள். முதல் பிரதி, இரண்டாம் பிரதி என்று தனித்தனியாக இருக்கட்டும். உங்கள் கருத்தைக் கீழே வேறு நிறத்தில் எழுதுங்கள். பிள்ளையின் பிரதியில் கை வைக்காதீர்கள்.

அதை நான் கொப்பியில் எழுதினேன், கீழே கோடும் போட்டேன். அந்தக் கொப்பி இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. எழுதி வைப்பதில் எனக்கு ஒரு குறைச்சலும் இருந்ததில்லை.

எங்கள் பாடசாலைகளில் போட்டிக்குக் கட்டுரை எழுதுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். ஆசிரியர் எழுதுவார். நல்ல கையெழுத்துள்ள பிள்ளை அதைப் பார்த்து எழுதும். பேச்சுப் போட்டி என்றாலும் அதே கதைதான். ஆசிரியர் எழுதிக் கொடுப்பதை, எங்கே மூச்சு விடுவது, எங்கே கையைத் தூக்குவது என்பது உட்படப் பிள்ளை மனப்பாடம் செய்யும். நானும் அப்படிப் பரிசு வாங்கிய பிள்ளைதான். யாரும் இதைக் களவு என்று சொல்வதில்லை. பிள்ளைக்கு உதவி செய்யாத ஆசிரியரைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இந்தப் பழக்கத்தோடுதான் நான் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

அந்தப் பிள்ளை அப்போது தரம் பத்து. கடைசி வாங்கில் சுவரோரம் இருப்பாள். கொப்பியில் எழுதச் சொன்னால் மூன்று வரி எழுதி, இரண்டு வரியை அழிறப்பரால் தேய்த்து, தாள் கிழிந்து, கிழிந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிழை வெளியே தெரிவதை அவளால் தாங்க முடியாது. மந்தமான பிள்ளை என்று பதிவேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

கணினியில் அவள் வேறு ஆளாக இருந்தாள். விசைகளின்மேல் தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். இரண்டு வாரத்தில் அவளுக்கு அந்தத் துண்டுகள் தேவைப்படவில்லை. எழுதுவாள், பிடிக்காவிட்டால் அழிப்பாள், அழித்த இடம் வெள்ளையாகவே இருக்கும், தாள் கிழியாது. மற்றப் பிள்ளைகள் பூப்படம் வரைந்துகொண்டிருக்க இவள் ஒரு பக்கம் முடித்திருப்பாள். திட்டக்காரர்கள் சொன்னதெல்லாம் பொய்யென்று நினைத்திருந்த எனக்கு, இவளைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அந்த எட்டுக் கணினியும் வந்தது இந்த ஒரு பிள்ளைக்காகத்தான் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கூட இருக்கிறேன்.

என்ன எழுதுகிறாள் என்று ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். அவளுடைய அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போயிருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பஜாரில் இருக்கிற தொலைபேசிக் கடைக்கு அழைப்பு வரும். இவளும் தம்பியும் போய்க் காத்திருந்து பேசுவார்கள். திங்கட்கிழமை தமிழ்ப் பாடவேளையில் அம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் இவள் கணினியில் எழுதுவாள். அப்பாவைப் பற்றியும் அத்தையைப் பற்றியும் அம்மா சொன்னதும் அதில் இருந்தது.

"இத கொப்பியில எழுதி வச்சா என்னம்மா?" என்று கேட்டேன்.

"லயத்துல எங்க சேர் வைக்கிறது? எல்லாரும் எடுத்துப் படிப்பாங்க. இதுன்னா மூடிட்டுப் போயிறலாம்" என்றாள்.

ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழும்புகிற லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அவள் சொன்னது எனக்கு விளங்கியது. சரி எழுது என்று விட்டுவிட்டேன். ஐந்து மாதத்தில் அது பதினொரு பக்கமாகிவிட்டது.

அதில் ஓர் இடம் எனக்கு நினைவிருக்கிறது. அதுவும் சரியாகத்தான் இருக்கிறதா, இல்லை நானே இட்டு நிரப்புகிறேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

'சாப்டியா, என்னா சாப்ட்ட, ரொட்டியான்னு கேட்டாங்க. சம்பலுக்குக் கொச்சிக்கா ஜாஸ்தி போடாத, தம்பிக்கு வயிறு தாங்காதுன்னாங்க. அங்க மழையா, தகரத்துல விழுறது கேக்குதே, போன கொஞ்சம் வெளிய நீட்டிப் புடி, கேட்டுக்கிறேன்னாங்க. நான் நீட்டிப் புடிச்சேன். கடைக்கார அண்ணே வயர இழுத்து விட்டாங்க. திரும்பக் காதுல வச்சப்ப அம்மா ஒன்னும் பேசல்ல.'

பிறகு திட்டத்தின் முடிவில் எழுத்தாக்கப் போட்டி ஒன்று வைப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. கணினியில் மாணவர் தாமே எழுதிய இரண்டு பக்கங்கள். தெரிவானவர்கள் நுவரெலியாவில் மேடையில் சொல்லிக் காட்டவேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். எங்கள் பாடசாலையிலிருந்து யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அச்செடுத்த பக்கங்களை முதலில் தமிழ்ப் பாட ஆலோசகரிடம் காட்டினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சண்டையில் வீடு வாசலை விட்டு வந்தவர், தலவாக்கலையில் ஓர் அறையில் தனியாக இருந்தார். கடைசிப் பக்கம் வரை பேசாமல் வாசித்தார்.

"பிள்ளை நல்லா எழுதுது மாஸ்டர்" என்றார். "ஆனா கதைக்கிற மாதிரியெல்லே கிடக்கு. நடுவர்மார் என்ன சொல்லுவினமோ தெரியாது. ஒருக்காப் பாத்து விடும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. ஒருக்காப் பார்த்துவிடச் சொன்னார். அதற்கு மேல் நடந்ததெல்லாம் என் கைவேலை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கதை உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டப் பாடசாலையை முடித்து ஹட்டனுக்கு உயர்தரம் படிக்கப் போனேன். முதல் கட்டுரையில், விடியக்காலையில் அப்பா பெரட்டுக்குப் போவதைப் பற்றி எழுதினேன். தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு எங்களுக்குப் பெரட்டு என்பதைத் தவிர வேறு சொல் தெரியாது. ஆசிரியர் அதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, மேலே 'தொழிலாளர் ஒன்றுகூடல்' என்று எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, வகுப்புக்கு வாசித்தும் காட்டினார். பட்டணத்துக் கடைக்காரர்களின் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் வாயில் தோட்டம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பாள்: "என்னடா, ரேடியோல பேசுற மாதிரிப் பேசுற?"

அந்தக் கொப்பியும் என்னிடம் இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்கு மேலே என் பெரட்டு அப்படியே நிற்கிறது. அவமானப்படுத்தினாலும் அந்த ஆசிரியர் என் சொல்லை எனக்கு விட்டுவைத்தார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

ஒரு புதன்கிழமை பாடசாலை விட்ட பிறகு அதிபரிடம் திறப்பை வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். அவளுடைய கோப்பைத் திறந்தேன். இருந்தாங்க என்பது இருந்தார் ஆனது. அம்மா அன்னையானாள். கொச்சிக்கா போனது, ரொட்டி போனது, தம்பியின் வயிறு போனது. ஒன்பது பக்கத்தைக் கறுப்பாகத் தெரிவு செய்து ஒரே விசையில் நீக்கினேன். மழை பெய்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'தாய்மண்ணில் பொழியும் மழையின் இன்னொலியைச் செவிமடுக்க என் அன்னை பேராவல் கொண்டார். அவரது விழிகள் குளமாயின.'

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு அழகாக வந்திருப்பதாக நினைத்தேன். நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதே கோப்பில், அதே பெயரில் சேமித்தேன். இலக்கம் போடவேண்டும் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. அந்தப் பழைய பக்கங்கள் வைத்திருக்கத் தக்கவை என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆலோசகருக்குக் காட்ட அச்செடுத்த தாள்களையும் கிழித்துக் கூடையில் போட்டேன். குப்பையாகக் கிடந்த அறையைக் கூட்டிவிட்டு வருகிற திருப்தியோடு பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே, உதடு அசைய அசைய வாசித்தாள். இரண்டு பக்கமும் முடிந்ததும் இன்னும் கீழே இறக்கிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.

"சேர், நான் எழுதுனது கீழ இருக்குங்களா?"

"இது நீ எழுதுனதுதாம்மா. கொஞ்சம் திருத்தியிருக்கேன்."

மறுபடி ஒரு வரியில் விரலை வைத்தாள். "அம்மா அழுதாங்களான்னு எனக்குத் தெரியாது சேர். போன்லதானே பேசுனாங்க."

"கட்டுரைன்னா அப்படித்தான் எழுதணும்."

"அம்மா இப்படிப் பேச மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. உதவி செய்யப் போனால் எதிர்க் கேள்வியா என்று நினைத்தேன். "பரிசு வேணுமா வேணாமா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மூலப் பிரதியை நான் பத்திரமாக எங்கேயோ எடுத்து வைத்திருப்பேன் என்று நம்பினாள் போலிருக்கிறது. ஆசிரியர் ஒன்றைத் தொலைப்பார் என்று எங்கள் பிள்ளைகள் நினைப்பதில்லை.

மூன்று வாரம் மனப்பாடம் செய்ய வைத்தேன். தினமும் பாடசாலை விட்ட பிறகு, வெறும் மண்டபத்தில், நான் கடைசியில் நிற்க அவள் மேடையில் நிற்பாள். என் அன்னை என்று வருகிற இடத்தில் வலது கையை நெஞ்சுக்குக் கொண்டு வரவேண்டும். பேராவல் என்பதில் குரல் ஏறவேண்டும். விழிகள் குளமாயின என்று சொல்லிவிட்டு மூன்று எண்ணும் வரை நிறுத்தவேண்டும். முதல் வாரம் திக்கினாள். இடையிடையே அவளையறியாமல் 'சொன்னாங்க' என்று வந்துவிடும். அப்படி வரும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்ல வைத்தேன். மூன்றாம் வாரம் 'சொன்னாங்க' வரவே இல்லை.

நுவரெலியாவில் முதல் பரிசு. வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. அவளுக்கு ஒரு சான்றிதழும் ஓர் அகராதியும் கொடுத்தார்கள். எனக்கு ஒரு சான்றிதழும் மாலையும். பிறகு வெளியிட்ட சிறு நூலில் அவளுடைய படத்தோடு என் கட்டுரை வந்தது.

மேடையிலிருந்து இறங்கி வந்தபோது ஆலோசகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டுக் கேட்டார்: "முதல் எழுதினதில ஒரு இடம் இருந்தது மாஸ்டர். தாய் போனை மழைக்குள்ளை நீட்டச் சொல்லுற இடம். அது எங்கை?"

"அதத்தான் செம்மைப்படுத்தி எழுதியிருக்கு" என்றேன்.

அவர் என் கையை விட்டார். "அப்பிடியே?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு என்னிடம் அந்தக் கட்டுரையைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தார் எங்கள் பேச்சை மதிப்பதில்லை என்று எத்தனையோ மேடையில் முழங்கியவன் நான். அந்த யாழ்ப்பாணத்தார்தான் அதைத் தேடினார், நான் அதைக் கொன்றுபோட்டுவிட்டு அவர்முன் இளித்துக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் போதாதென்று என்னைப் பயிற்றுநராக்கினார்கள். கணினி மூலம் எழுத்துப் படிப்பிப்பது எப்படி என்று வலயம் வலயமாகப் போய் விளக்கவேண்டும். வலப்பனையில் நடந்த பயிற்சிக்கு முந்திய கிழமை, பிள்ளையின் முதல் பிரதியையும் இறுதிப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என்னிடம் முதல் பிரதி ஏது? பரிசு கிடைத்து ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு காலையில், பாடசாலைக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, முதல் பிரதி ஒன்றை நானே தயாரித்தேன். தோட்டத்துப் பிள்ளை எப்படி எழுதும் என்று நான் நினைத்தேனோ அப்படி எழுதினேன். அவள் ஒருபோதும் விடாத பிழைகளை விட்டேன். இரண்டு இடத்தில் சிரிப்பு வரும்படி சொற்கள் வைத்தேன். வலப்பனையில் அதைத் திரையில் காட்டியபோது ஆசிரியர்கள் சிரித்தார்கள். இறுதிப் பிரதியைக் காட்டியபோது அசந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஹட்டனில் ஏற்கெனவே கேட்டுப் பழகிய சிரிப்பு. இந்த முறை நான் கரும்பலகைப் பக்கம் நின்றேன்.

அவள் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் தவறினாள். திரும்ப எழுதவில்லை. ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்பதாகச் சொன்னார்கள். திட்டம் முடிந்து திட்டக்காரர்களும் போய்விட்டார்கள். கணினிகள் ஒவ்வொன்றாகக் கெட்டன. நுவரெலியாவிலிருந்து வந்த திருத்துநர் மிச்சமிருந்த மூன்றிலும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் தந்தார். தேவையானதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள் என்று முதலே சிங்களத்தில் சொன்னார். நான் என் பயிற்சிக் கோப்புகளை மட்டும் எடுத்து வைத்தேன்.

பரிசு கிடைத்து இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள், மூன்றாம் பாடவேளை நடந்துகொண்டிருந்தபோது அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். உடன் யாரும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"அம்மா போயிட்டாங்க சேர்" என்றாள். "நெஞ்சு வலின்னு சொல்றாங்க. பெட்டியில வந்துச்சு. தொறந்து பாக்க விடல்ல."

எப்போது என்று கேட்டேன். கருமாதி முடிந்து நாலு நாளாகிறது என்றாள்.

"நான் எழுதுனது இருக்குங்களா சேர்? மொதல்ல எழுதுனது." அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். "அதுக்கப்புறம் அம்மா வேற வீட்டுக்கு மாறிட்டாங்க. அங்க போன் பேச விடல்ல. ரெண்டு வருசத்துல மூனு தடவதான் பேசுனாங்க, அதுவும் அவசர அவசரமா. நல்லாப் பேசுனதெல்லாம் அந்த அஞ்சு மாசம்தான் சேர். தம்பி கேக்குறான், அம்மா என்னா சொன்னாங்க, என்னா சொன்னாங்கன்னு. அவன் அப்ப சின்னப்பய. வாசிச்சுக் காட்டலாம்னு வந்தேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கணினி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தேடுவது போலத் தேடினால் அவள் மனம் ஆறிப் போய்விடுவாள் என்று ஒரு கோழைத்தனமான கணக்கு. கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் என் பயிற்சிக் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. நான் பார்க்கும் முன்னால் அவள் பார்த்துவிட்டாள். முதல் பிரதி என்று அவளுடைய பெயரோடு ஒன்று இருந்தது.

"இந்தா இருக்கு சேர்" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் கையைத் தள்ளிவிட்டு அவளே திறந்தாள்.

இரண்டு வரி வாசித்தாள். மூன்றாம் வரியில் நிறுத்தினாள்.

"இது நான் எழுதுனது இல்லையே சேர். யாரு எழுதுனது?"

"நான்தான்" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுடையதை அன்றைக்கே நான் அழித்துவிட்டேன், வேறு பிரதி வைக்கவில்லை, இனி எந்தக் கணினியிலும் கிடைக்காது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது, அந்த நேரத்தில் அது பெரிய பிராயச்சித்தம் போலத் தோன்றியது. புதிய பக்கம் ஒன்றைத் திறந்தேன். "நீ சொல்லு, நான் எழுதுறேன். அம்மா சொன்னத அப்படியே சொல்லு. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்" என்றேன். "மழையில போன நீட்டிப் புடின்னு சொன்னாங்களே, அதுலருந்து சொல்லு."

"ஆமா சேர்" என்றாள். "அன்னிக்கு மழை." கண்ணை மூடிக்கொண்டாள். நான் விசைகளில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

"தாய்மண்ணில் பொழியும் மழையின்" என்று தொடங்கி நிறுத்தினாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். "அம்மா என்னா சொன்னாங்கன்னா, மழையின் இன்னொலியை..." மறுபடி நிறுத்தினாள். மூன்றாம் தரம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி ஆரம்பித்தாள். என் அன்னை என்று வந்தது. வலது கை மடியிலிருந்து எழுந்து நெஞ்சுக்குப் போனது, நான் சொல்லிக் கொடுத்த அதே இடத்தில். பேராவல் என்பதில் குரல் ஏறியது.

கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். அதை மற்றக் கையால் பிடித்து மடிக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

"வர மாட்டேங்குது சேர்" என்றாள். "உங்களோடதுதான் வருது."

வாசலில் கழற்றி விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகுது என்று சொல்லிவிட்டுப் போனாள்.